மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’: எல்பியை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிக் கேட்பது

அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தை எல்பியாக, அதாவது வினைல் இசைத்தட்டாக, வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பதிப்பு நல்லது என்பதுதான். அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபம். உறையில் ஒன்பது பாட்டு என்று போட்டிருந்தாலும் இந்த ஆல்பம் பாட்டுப் பாட்டாகக் கேட்க வேண்டியது இல்லை, பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டியது. முதல் பக்கத்தில் இருக்கும் ஆறு பாட்டும் நடுவில் மூச்சு விடாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்து 19 நிமிடத்துக்கு மேல் ஓடுகின்றன. எழுந்து போய் தட்டைத் திருப்பிப் போட்டால் இன்னொரு 16 நிமிடம். அவ்வளவுதான் ஆல்பம். போனில் ஷஃபிளில் போட்டு இதைக் கேட்டவர்கள் நல்ல பாட்டுகளைக் கேட்டிருப்பார்கள், ஆல்பத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் காலத்து மோடவுன் கம்பெனியிலிருந்து இப்படி ஒன்று வந்ததே பெரிய விஷயம். டெட்ராய்ட்டில் பெரி கோர்டி நடத்திய மோடவுன், தனியாக விற்கும் மூன்று நிமிட சிங்கிள் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெற்றியாக்கிக் காட்டிய இடம், அங்கே எல்பி என்றால் பெரும்பாலும் ஓடிய சிங்கிள்களோடு இன்னும் சில பாட்டைச் சேர்த்து நிரப்பியதுதான். மார்வின் கேயும் அந்த வழியில் வந்த நட்சத்திரம். அவரோடு டூயட் பாடிய டாமி டெரெல் மூளைக் கட்டியால் 1970 மார்ச்சில், 24 வயதில் இறந்துபோனார். மார்வினின் தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து சொன்ன கதைகள் வேறு அவரை உலுக்கின. அதே சமயம் மோடவுனின் இன்னொரு பாடகர் குழுவான ஃபோர் டாப்ஸின் ஓபி பென்சன், 1969-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் போலீஸ் இளைஞர்களை அடித்ததைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பாட்டை ஆரம்பித்து, பாடலாசிரியர் அல் கிளீவ்லண்டோடு சேர்ந்து எழுதி வைத்திருந்தார். அதுதான் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. எதிர்ப்புப் பாட்டு நமக்கு வேண்டாம் என்று அவருடைய குழுவே ஒதுங்கிக்கொண்டது. மார்வின் அதை எடுத்து, மாற்றி, 1970 ஜூனில் பதிவு செய்தார். கோர்டிக்குப் பிடிக்கவில்லை. இது வெளிவராமல் நான் வேறு எதுவும் பதிவு செய்ய மாட்டேன் என்று மார்வின் உட்கார்ந்துவிட்டார். 1971 ஜனவரியில் சிங்கிளாக வந்தது, அமெரிக்க பாப் பட்டியலில் இரண்டாம் இடம், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதல் இடம். உடனே ஆல்பம் கொடு என்றது கம்பெனி. மே 21-ஆம் தேதி ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்க முதல் பதிப்பு மோடவுனின் டாம்லா லேபிளில் வந்தது, எண் டிஎஸ் 310. இங்கிலாந்துப் பதிப்பு டாம்லா மோடவுன், எஸ்டிஎம்எல் 11190. முதல் பதிப்பு கிடைத்தால் சந்தோஷம், ஆனால் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம் என்பதுதான் என் யோசனை. இது வீட்டுக்கு வீடு ஓடிய தட்டு. விருந்துகளில் ஓடியது, கனமான ஊசி வைத்த பழைய பெட்டி பிளேயர்களில் ஓடியது. அதனால் பழைய பிரதிகள் நிறைய இருக்கும், நன்றாக இருக்கும் பிரதிகள் குறைவாக இருக்கும். ‘முதல் பதிப்பு’ என்ற ஒரே காரணத்துக்காகத் தேய்ந்துபோன தட்டுக்குப் பெரிய விலை கொடுப்பதைவிட, சுத்தமான பிற்காலப் பதிப்பை வாங்கிக் கேட்பது எவ்வளவோ மேல்.

புதிதாக வாங்குவதென்றால் 2022-இல் 50-ஆம் ஆண்டுக்காக வந்த இரண்டு தட்டுப் பதிப்பைப் பாருங்கள். அசல் அனலாக் டேப்பிலிருந்து தட்டுக்கான பள்ளங்களைக் கெவின் கிரே வெட்டியது, அவர் இந்த வேலையில் பெயர் எடுத்தவர். ஆல்பம் முழுக்க ஒரு தட்டில் பழைய வரிசைப்படி இருக்கும், சிங்கிள் வடிவங்களும் மற்றவையும் இன்னொரு தட்டில். மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டாகப் போட்ட விலை உயர்ந்த பதிப்பும் இருக்கிறது. 45-இல் சத்தம் இன்னும் தெளிவாக வரும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு பக்கத்தில் குறைந்த நேரமே அடங்கும் என்பதால் முதல் பக்கத்தின் நடுவில் நீங்கள் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். இந்த ஆல்பத்துக்கு அது பெரிய இழப்பு. வேறு ஆல்பமாக இருந்தால் 45 என்றே சொல்வேன், இதற்கு மட்டும் வழக்கமான 33 வேகம்.

உறையையும் பாருங்கள். அசலில் அது புத்தகம் போலத் திறக்கும். உள்ளே பாட்டு வரிகள், மார்வினின் குடும்பப் படங்கள். முன்பக்கத்துப் படம் ஜிம் ஹெண்டின் எடுத்தது. டெட்ராய்ட்டில் மார்வின் வீட்டுப் பின்புறம், மழையும் பனியுமாகத் தூறிக்கொண்டிருக்கிறது, கோட்டின் மேலும் தலைமுடியிலும் துளிகள். இன்னொன்று, மோடவுனின் அத்தனை வெற்றிப் பாட்டுகளுக்கும் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர்கள் ஒரு மோடவுன் ஆல்பத்தில் முறையாக அச்சானது இதில்தான் முதல் தடவை. அந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மலிவான சில மறுபதிப்புகளில் ஒற்றை உறைதான் வரும், அதனால் வாங்கும் முன் திறக்கும் உறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் எப்படிப் பார்ப்பது? விளம்பரத்தில் தட்டின் நிலையைக் குறித்து ‘விஜி பிளஸ்’ (மிக நல்லதுக்கும் மேல்), ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்டப் புதுசு) என்று போட்டிருப்பதை ஒரு ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் அந்தக் கணக்கு மாறும். தட்டை ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, ஒரே ஒரு பல்பின் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல்கள் பெரும்பாலும் சத்தம் போடாது. விரல் நுனி மெல்லப் போகும்போது தட்டுப்படுகிற கீறல் கட்டாயம் ‘டிக் டிக்’ என்று கேட்கும், ஊசியைத் தாண்டிக் குதிக்கவும் வைக்கலாம். லேபிளின் நடுத் துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பிளேயரின் நடுக் கம்பியைத் தேடித் தேடிப் பல தடவை போட்டிருக்கிறார்கள், தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பளபளப்பை நம்பவே வேண்டாம். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

அதனால் கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எல்லோரும் முதல் பாட்டைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் இரண்டு இடம் கேளுங்கள். ஒன்று, முதல் பக்கத்தின் நாலாவது பாட்டான ‘சேவ் த சில்ட்ரன்’. மார்வின் ஒரு வரியைப் பேசுவார், அதையே பாடுவார், சுற்றி வயலின்கள் மெதுவாக இருக்கும், பின்னால் மறைத்துக்கொள்ள டிரம்ஸ் அதிகம் இல்லாத இடம். தட்டில் இரைச்சல் இருந்தால் இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இரண்டாவது, அதே பக்கத்தின் கடைசிப் பாட்டான ‘மெர்சி மெர்சி மீ’. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே பள்ளம் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள் ஓரத்துக்குப் போகப் போக அது 20 சென்டிமீட்டர் அளவுக்குக்கூடக் குறைந்துவிடுகிறது. அதே பாட்டை அதைவிடக் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், தேய்மானமும் ஊசியின் குறையும் முதலில் காட்டிக்கொடுப்பது உள்பக்கத்தில்தான். ‘ஸ்’ என்ற ஒலி கிழிந்த துணி மாதிரி வருகிறதா, சாக்ஸஃபோன் உயரும்போது கரகரக்கிறதா என்று கேளுங்கள். கரகரத்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம், ஏனென்றால் அதைக் கழுவிச் சரி செய்ய முடியாது.

அழுக்கை மட்டும் கழுவலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்ட் வாட்டர், அதில் தட்டு கழுவவே விற்கும் திரவத்தை அவர்கள் சொல்லும் அளவில் கலந்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒரு தடவை அலசி, நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரம் காரணமாகத் தட்டில் வெள்ளைப் பூஞ்சை படரும், பழைய காகித உள்ளுறை அதற்கு வீடு. அதனால் கழுவிய தட்டைத் திரும்பப் பழைய உள்ளுறைக்குள் போடாமல் புது உள்ளுறை வாங்கிப் போடுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிற்க வையுங்கள். ஒவ்வொரு முறை போடும் முன்னும் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் ஒரு சுற்று.

பிளேயரைப் பற்றி நீட்டி எழுதவில்லை. சூட்கேஸ் மாதிரி வரும் மலிவு பிளேயர்களில் ஊசி கனமாக அழுத்தும், இந்த மாதிரி தட்டை அதில் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். ஊசியின் எடையை மாற்றிக்கொள்ளக்கூடிய டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) இருந்தால் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) கம்பெனி சொன்ன எடையை வையுங்கள், பொதுவாகப் புழங்கும் கார்ட்ரிட்ஜ்களுக்கு இரண்டு கிராமை ஒட்டி வரும். தட்டில் உரசாமல் இருக்கட்டும் என்று எடையைக் குறைத்து வைப்பது தப்பு, எடை குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் தத்தளித்து இன்னும் மோசமாக உரசும். நுனி நீள்வட்டமாக இருக்கும் எலிப்டிகல் ஊசி போதும், வசதி இருந்தால் இன்னும் நுணுக்கமாகத் தீட்டிய மைக்ரோலைன் ஊசி, உள்பக்கப் பாட்டுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கிச் சீராக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் சத்தம் மெலிசாக, பாஸே இல்லாமல் வரும். இந்த ஆல்பத்தில் பாஸ் இல்லையென்றால் பாதி ஆல்பம் இல்லை.

இனிக் கேட்பது. இதுதான் முக்கியம்.

ஊசியை விளிம்பில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் வருவது ஆட்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிற சத்தம். அதில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய மெல் ஃபார், லெம் பார்னி இருவரும் இருக்கிறார்கள், மார்வினின் நண்பர்கள். அதற்கு மேல் எலை ஃபோன்டெயினின் ஆல்டோ சாக்ஸஃபோன். அவர் சும்மா வாசித்துப் பழகிக்கொண்டிருந்ததைத்தான் மார்வின் எடுத்துப் பாட்டின் தொடக்கமாக வைத்துக்கொண்டார். அப்புறம் பாஸ் கிட்டார். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். குடித்துவிட்டு வந்த நிலையில் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்று சொல்லப்படுவது இந்தப் பாட்டுக்குத்தான். முதல் தடவை முழுப்பாட்டையும் அந்த பாஸை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். அது தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறது.

இரண்டாவது தடவை குரலைக் கேளுங்கள். ஒரு மார்வின் இல்லை, இரண்டு மார்வின். தனித்தனியாகப் பாடி வைத்திருந்த இரண்டு குரல் பதிவுகளை, எது நல்லது என்று அவர் பார்க்க இன்ஜினியர் கென்னத் சாண்ட்ஸ் தயார் செய்தபோது, தவறுதலாக இரண்டும் சேர்ந்து ஒலித்தன. மார்வினுக்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். பின்னாளில் அவர் ஆல்பங்களின் அடையாளமாக ஆன அந்தக் குரல் அடுக்கு தொடங்கியது இங்கேதான். ஒன்று சொல்ல வருவதை மற்றொன்று முந்திக்கொண்டு சொல்லும், அல்லது பின்னால் வந்து ஆறுதலாக முடித்து வைக்கும்.

முதல் பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியாமலே ‘வாட்ஸ் ஹாப்பனிங் பிரதர்’ ஆரம்பித்திருக்கும். போரிலிருந்து திரும்பியவன் ஊரில் வேலை கிடைக்குமா, பழைய ஆட்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறான். ஃபிராங்கியின் நிழல் இந்தப் பாட்டில் விழுந்திருப்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தச் சாதாரணக் கேள்விகள் கனக்கும். அடுத்தது ‘ஃபிளையின் ஹை’, ஒரு விமானக் கம்பெனியின் விளம்பர வாசகத்தைத் தலைப்பில் வைத்துக்கொண்டு ஹெராயின் பழக்கத்தில் விழுந்தவனின் தனிமையைப் பாடுவது. இசை அவ்வளவு இதமாக மிதக்கும், வரிகளை உறையில் படித்துக்கொண்டே கேட்டால்தான் அந்த இதம் எவ்வளவு பயங்கரமானது என்று புரியும். ‘சேவ் த சில்ட்ரன்’ முடியும் தறுவாயில் தாளம் திடீரென்று சூடுபிடித்து, ‘காட் இஸ் லவ்’ என்ற சின்னப் பாட்டுக்குள் குதித்து, ஒரு மூச்சு வாங்குவதற்குள் ‘மெர்சி மெர்சி மீ’ வந்துவிடும். கடலில் எண்ணெய், மீனில் பாதரசம், காற்றில் விஷம் என்று 1971-இல் பாடிய பாட்டு, பாடுகிற தொனியோ ஒரு காதல் பாட்டின் தொனி. நடுவில் வரும் டெனர் சாக்ஸஃபோன் வைல்ட் பில் மூர். முடிவில் அந்த இதமெல்லாம் போய் இசை இருட்டாக மாறும், அங்கேதான் பக்கம் முடிகிறது. இதற்குப் பிறகு உடனே அடுத்த பாட்டு வரக் கூடாது. எழுந்து போய் தட்டைத் திருப்ப ஆகும் அந்த அரை நிமிடம் இந்த ஆல்பத்துக்குத் தேவை, வினைலில் அது தானாகவே கிடைக்கிறது.

இரண்டாம் பக்கம் வேறு காற்று. ‘ரைட் ஆன்’ ஏழரை நிமிடம், லத்தீன் சாயலில், குவிரோ என்ற தாள வாத்தியத்தைச் சுரண்டும் சத்தமும் புல்லாங்குழலுமாக அவசரமில்லாமல் நடக்கும். முதலில் கேட்கும்போது நீளம் என்று தோன்றினால் பரவாயில்லை, ஊசியைத் தூக்காதீர்கள். நடுவில் தாளம் அடங்கி, மார்வினின் குரல் தனியாக உருகி, மறுபடி தாளம் திரும்பும் இடம் ஒன்று உண்டு, அதற்காகவே அந்த நீளம். ‘ஹோலி ஹோலி’ ஒரு கோயில் பாட்டு, அடுத்த ஆண்டே அரேதா ஃபிராங்க்ளின் ஒரு தேவாலயத்தில் இதைப் பாடிப் பதிவு செய்தார். கடைசியாக ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’. இதில் பாஸ் வாசித்தது பாப் பாபிட், ‘மெர்சி மெர்சி மீ’யிலும் அவர்தான். ஜேமர்சனின் பாஸ் ஓடி ஓடிப் பேசும், பாபிட்டுடையது ஒரே இடத்தில் வட்டமடித்து அழுத்தும். வரி, விலைவாசி, நிலவுக்குப் போகும் ராக்கெட்டுக்குக் கொட்டும் பணம், போலீஸ் என்று நகரத்து ஏழையின் மூச்சுமுட்டலைப் பாடும் பாட்டுக்கு அந்த அழுத்தம்தான் சரி. பாட்டின் கடைசியில் முதல் பாட்டின் மெட்டு திரும்பி வரும். ரேடியோவுக்குப் போன சிங்கிளில் அது இல்லை, ஆல்பத்தில்தான் உண்டு.

ஒலியளவைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் தாங்கும் அளவுக்கு. மெதுவாக வைத்தால் காங்கா முழவும் வயலின்களும் பின்னால் போய், வெறும் இனிமையான பின்னணி இசையாகச் சுருங்கிவிடும். வயலின், பித்தளை வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும் இசைக்கோர்ப்பு டேவிட் வான் டிபிட். அவர் வேலை கவனத்தைத் தன் பக்கம் இழுக்காது, ஆனால் ஆறு பாட்டையும் ஒன்றோடொன்று தைத்தது அதுதான்.

இந்த ஆல்பம் ஏன் இன்னும் விற்கிறது, ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2020-இல் தன் 500 ஆல்பங்கள் பட்டியலில் ஏன் இதை முதலிடத்தில் வைத்தது என்பதற்குப் பாட்டில் பேசிய பிரச்சினைகள் இன்னும் தீரவில்லை என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மை. அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைப்பது, இவ்வளவு கோபப்பட வேண்டிய விஷயங்களை இவர் குற்றம் சாட்டும் குரலில் பாடவில்லை, கேள்வி கேட்கும் குரலில் பாடுகிறார். தாயிடம், சகோதரனிடம், தந்தையிடம் கேட்கிறார். கேட்கிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் உள்ளே வந்து உட்கார இடம் இருக்கிறது.

எல்பி நன்றாகப் பழகிய பிறகு, அதற்கு முன்னால் வேண்டாம், ‘டெட்ராய்ட் மிக்ஸ்’ என்ற வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். தனித்தனியாகப் பதிவான குரல்களையும் வாத்தியங்களையும் 1971 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் முதலில் கலந்து செய்த கலவை அது. மார்வின் அதை ஒதுக்கிவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய் மே மாதத்தில் மறுபடி கலந்ததுதான் தட்டாக வந்தது. பழையது 2001-இல் விரிவான சிடி பதிப்பில் வெளியானது, ஸ்ட்ரீமிங்கிலும் கிடைக்கிறது. அதில் வாத்தியங்கள் இன்னும் வறண்டு, தனித்தனியாக, பக்கத்தில் கேட்கும். முதல் பக்கத்தை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்புகளில் கவனம் வைத்தால் மே மாதத்தில் அவர் எதைச் சரி செய்யப் போனார் என்பது தெரிந்துவிடும்.